கூடு எண் நூற்றுப் பதினான்கின் வெற்றி

கெபிருங்கி செய்த தப்பு ஒன்றே ஒன்றுதான். ருஷோரோ சதுப்பில், தன் உருளைக்கிழங்கு வயலிலிருந்து நாற்பது எட்டு நடக்கிற தூரத்தில், கோரைக்குள்ளே, தலையில் பொன்னிறக் கொண்டை நிற்கிற முடிக்கொக்கு மூன்று முட்டை இட்டிருப்பதைப் பார்த்தாள். பார்த்ததோடு வாயை மூடிக்கொண்டிருக்காமல் கபாலே டவுன் வரைக்கும் போய்த் தேசியக் கூடுவெற்றி ஆணையத்தில் சொல்லிவிட்டு வந்தாள்.

அவள் கேட்டதும் ஒன்றே ஒன்றுதான். சதுப்பின் அக்கரையில் செங்கல் சூளைக்காரர்கள் ஏழெட்டு நாய் வைத்திருந்தார்கள். முட்டை பொரிந்து குஞ்சுகள் பறக்கிற வரைக்கும் அந்த நாய்களைக் கட்டிப்போடச் சொல்ல வேண்டும். போன வருஷம் இதே ஜோடியின் இரண்டு குஞ்சையும் நாய் தின்றது. அதற்கு முந்தின வருஷம் முட்டைகளை யாரோ எடுத்து அவித்துத் தின்றுவிட்டார்கள். மூன்றாவது வருஷமும் அந்தத் தாய்க்கொக்கு நடுப்பகலில் நின்று கூப்பிட்டுக்கொண்டே இருப்பதைக் கேட்க அவளுக்குத் தெம்பு இல்லை.

அவள் கல்யாணமாகி வந்த புதிதில் ருஷோரோவின் ஒரு கரையிலிருந்து பார்த்தால் மறுகரை தெரியாது. இப்போது மூன்று பக்கமும் உருளைக்கிழங்கும் முட்டைகோஸும். மிச்சம் இருந்தது இரண்டு கால்பந்து மைதானம் அளவுக்குக் கோரை. தேசியக் கொடியில் நிற்கிற பறவை, நாணயத்தில் நிற்கிற பறவை, அதற்குக் கால் வைத்து நிற்க ஊரில் அந்தத் துண்டு மட்டும்தான் இருந்தது.

ஆணையத்திலிருந்து மூன்றாம் நாளே ஆள் வந்துவிட்டார். பெயர் க்வெசிகா. முப்பது வயது இருக்கும். பணிவானவர். புது ரப்பர் பூட்ஸ் போட்டிருந்தார். மோட்டார் சைக்கிளில் பன்னிரண்டு கம்பங்களைக் கட்டிக்கொண்டு வந்திருந்தார்.

"ரொம்ப நன்றிங்கம்மா. இது கூடு எண் நூற்றுப் பதினாலு. இனிமே இது அரசாங்கத்தோட கூடு."

"நாய் விஷயம் என்ன ஆச்சு ஐயா?"

"நாய் கால்நடைத் துறைங்கம்மா. நாங்க கூடு மட்டும்தான்."

கூட்டுக்கும் வயலுக்கும் உள்ள தூரத்தை முதலில் அளக்க வேண்டும் என்றார். அளக்கிற நாடா வளையக் கூடாது, அது விதி. அதனால் மார்பளவு நின்ற கோரையை இரண்டு ஆட்களை வைத்து இரண்டு கை விரித்த அகலத்துக்கு வெட்டி, வயல் ஓரத்திலிருந்து கூடு வரைக்கும் நேர்ப்பாதை போட்டார். கூட்டைச் சுற்றிப் பன்னிரண்டு கம்பம் நட்டுச் சிவப்பு நாடா கட்டினார். பாதையின் வாயில் ஒரு பலகை வைத்தார். 'இது இரகசியக் கூடு. இருக்கும் இடத்தை யாருக்கும் தெரிவிக்கலாகாது. நாற்பது மீட்டர்' என்று எழுதி, கீழே அம்புக்குறியும் போட்டிருந்தது.

மறுநாள் காலையில் பன்னிரண்டு கம்பங்களின் மேலும் பன்னிரண்டு காக்கைகள் இருந்தன. வெள்ளை மார்புக் காக்கை, சூளைக்காரர்களின் எச்சில் சோற்றுக்கு வருகிற கூட்டம். கம்பம் இல்லாத நாட்களில் அவற்றுக்குக் கோரைக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க வழி இல்லாமல் இருந்தது.

"ஐயா, அந்தக் காக்கா முட்டைக்குத்தான் உக்காந்திருக்கு. கம்பத்தைப் பிடுங்குங்க."

க்வெசிகா தன் கையேட்டைத் திறந்தார். அதில் 'கூட்டின் எதிரிகள்' என்று ஒரு பட்டியல் இருந்தது. ஆணையத்துக்கு உதவி செய்கிற வெளிநாட்டிலிருந்து வந்த பட்டியல்.

"செந்நரி, பனிமலை மரநாய், வெள்ளை ஆந்தை. இதுல எதையாவது பாத்தீங்களாம்மா?"

"அதெல்லாம் என்னன்னே எனக்குத் தெரியாது."

"அப்படின்னா கூடு பாதுகாப்பா இருக்கு," என்று சொல்லி டிக் அடித்துக்கொண்டார்.

"நீர்க்கீரி இருக்கா பட்டியல்ல?"

அவர் இரண்டு பக்கமும் புரட்டித் தேடினார். "இல்லீங்கம்மா."

"எங்க சதுப்புல இருக்கு."

"இருக்கலாம். ஆனா அது எதிரியா இல்லையான்னு மேல முடிவு பண்ணணும்."

கெபிருங்கியின் கணவன் எரியாசா அன்று சாயங்காலம் சோளக் கூழைக் குடித்துக்கொண்டே சொன்னான்: "பியோனா அம்மா, உனக்கு ஏன் இந்த வேலை? நீ போய்ச் சொல்லாட்டி நாய் தின்னிருக்கும். இப்ப அரசாங்கம் பாத்துக்கிட்டு இருக்கறப்போ தின்னும். அவ்வளவுதான் வித்தியாசம்."

முட்டை இட்ட பதினோராம் நாள் ஆணையத் தலைவர் பிட்டாரிஹோ நேரில் வந்தார். கூடவே நாலு கார். உருளைக்கிழங்கு வரப்புகளின் மேல் பந்தல் போட்டார்கள், நாற்காலி போட்டார்கள். ஒலிபெருக்கியின் வாயைக் கோரைப் பக்கம் திருப்பி வைத்தார்கள். வந்தவர்களுக்கு ஆளுக்கொரு ரோலெக்ஸ். சப்பாத்திக்குள் முட்டைப் பொரியலைச் சுருட்டித் தருகிற அந்தச் சாமானைத் தின்றுகொண்டே அவர்கள் தாளைச் சதுப்புப் பக்கம் எறிந்தார்கள். காக்கைக் கூட்டம் இரட்டிப்பானது.

தலைவர் உயரமான மனிதர். நிதானமாகப் பேசினார்.

"அன்பர்களே, சிலர் நினைக்கிறார்கள், கூட்டின் வெற்றி பறவையின் கையில் இருக்கிறது என்று. பறவைக்கு ஏது கை? வெற்றி என்பது நம் பதிவேட்டில் இருக்கிறது. சென்ற ஆண்டு நம் ஆணையம் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு கூடுகளை வெற்றி பெறச் செய்தது. அதே ஆண்டில் பறவைகளின் எண்ணிக்கை பாதியாகக் குறைந்ததாக ஒரு செய்தித்தாள் எழுதுகிறது. உண்மையாக இருக்கலாம். பறவைகளை எண்ணுவது வேறு துறை. அவர்கள் தங்கள் வேலையைச் சரியாகச் செய்யாததற்கு நாம் பொறுப்பாக முடியாது. மீதி நான்கு கூடுகள் ஏன் வெற்றி பெறவில்லை என்று நீங்கள் கேட்கலாம். அந்த நான்கிலும் இன்னும் பறவை உட்கார்ந்திருக்கிறது."

கைதட்டினார்கள். முதல் கைதட்டலுக்கே தாய்க்கொக்கு எழுந்து பறந்துவிட்டது. ஆண்கொக்கும் அதனோடு போனது. இரண்டும் சூளைக்கு மேலே வட்டம் போட்டுக்கொண்டு கத்தின. தலைவர் அண்ணாந்து பார்த்து, பறவைகள் வரவேற்பு கொடுக்கின்றன என்று ஒலிபெருக்கியில் சொன்னார்.

கெபிருங்கி பந்தலின் ஓரத்தில் நின்று வெயிலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெயிலில் முட்டை எவ்வளவு நேரம் தாங்கும் என்று அவளுக்குத் தெரியும். க்வெசிகாவிடம் இரண்டு தடவை போய்ச் சொன்னாள். அவர் இரண்டு தடவையும் தலைவர் பேசிக்கொண்டிருக்கிறார் என்றார். பேச்சு மூன்று மணி வரைக்கும் நீண்டது.

விடிந்ததும் போய்ப் பார்த்தாள். வெட்டின பாதையின் சேற்றில் நீர்க்கீரியின் காலடி வரிசையாகக் கூடு வரைக்கும் போய்த் திரும்பியிருந்தது. அந்தப் பிராணிக்கு அதுநாள் வரைக்கும் இவ்வளவு வசதியான பாதை கிடைத்ததில்லை. கூட்டில் மஞ்சள் கரு காய்ந்து ஒட்டியிருந்தது. ஓர் ஓடு பாதியாகக் கடிபட்டுக் கிடந்தது. இன்னொன்று காக்கை குத்தின ஓட்டையோடு தண்ணீரில் மிதந்தது. அவள் அதை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு க்வெசிகா வருகிற வரைக்கும் அங்கேயே நின்றாள்.

க்வெசிகா வந்தார், கூட்டைப் பார்த்தார், படிவத்தைப் படித்தார்.

"கூட்டில் முட்டை இருக்கிறதா? இல்லை. குஞ்சு இருக்கிறதா? இல்லை." பேனாவை மூடினார். "வாழ்த்துக்கள்மா. கூடு வெற்றி."

"கீரி தின்னுட்டுப் போயிருக்குய்யா. இந்தாங்க, ஓட்டைப் பாருங்க."

"ஓடு உடைஞ்சிருக்கு. உடையாம குஞ்சு எப்படிம்மா வெளிய வரும்?"

"குஞ்சு வர முப்பது நாள் ஆகும். இன்னிக்குப் பன்னிரண்டாம் நாள்."

க்வெசிகா இதைக் கொஞ்சம் யோசித்தார். கையேட்டின் பின்பக்கத்தைப் பார்த்தார். "முன்கூட்டிய வெற்றின்னு ஒரு பிரிவு இருக்கு," என்றார். அவர் முகத்தில் சின்னதாக ஒரு சங்கடம் வந்தது, வந்த வேகத்தில் போய்விட்டது. கம்பங்களைப் பிடுங்கிக்கொண்டு கிளம்பினார்.

ஒரு வாரத்தில் இரண்டு காகிதம் வந்தது. ஒன்று கெபிருங்கிக்குப் பாராட்டுப் பத்திரம். இன்னொன்று சதுப்புக்கு வந்த உத்தரவு. 'ருஷோரோ சதுப்பு, தனக்கு ஒப்படைக்கப்பட்ட கூட்டை வெற்றிகரமாக நிறைவு செய்தபடியால், பணியிலிருந்து விடுவிக்கப்படுகிறது. நாற்பது நாட்களுக்குப் பின் அதை வடித்து முட்டைகோஸ் பயிரிட விவசாயச் சங்கத்துக்குத் தடையில்லை.'

எரியாசா அந்தக் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். சங்கத்தில் அவனுக்கும் ஒரு துண்டு நிலம் வரும்.

"நல்லதுதானே," என்றான் மெதுவாக.

அவளுடைய வயலும் ஒரு காலத்தில் கோரைதான் என்பது அவளுக்குத் தெரியும். அதில் விளைந்ததைத் தின்றுதான் மகள் பியோனாவை வளர்த்துக் கட்டிக்கொடுத்தார்கள். அதனால் எரியாசாவைத் திட்ட அவளுக்கு வாய் வரவில்லை.

மறுபடி கபாலே போனாள். ஆணையத்தின் ஜன்னலுக்குப் பின்னால் இருந்த பெண்ணிடம், என் கூடு தோற்றுவிட்டது, அதை எழுதிக்கொள்ளுங்கள் என்றாள்.

"தோல்விக்குப் படிவம் இல்லீங்க."

"முன்னாடி இருந்துச்சுன்னு வெளிய ஒருத்தர் சொன்னாரு."

"இருந்துச்சு. ஊழியருங்க மனசு கஷ்டப்படுதுன்னு எடுத்துட்டாங்க."

"அப்ப சதுப்பை வடிக்காம இருக்க என்ன வழி?"

அந்தப் பெண் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்: "வேற ஒரு கூடு நடப்புல இருக்கணுங்க. நடப்புல கூடு இருக்கற சதுப்பைத் தொடக் கூடாது. அது வெற்றி பெறாத வரைக்கும்."

திரும்பி வருகிறபோது மேட்டுப் பாதையிலிருந்து பார்த்தாள். சூளைப் பக்கத்துக் கோரையில் அந்த ஜோடி குனிந்து குனிந்து புல்லைப் பிடுங்கி ஒரு இடத்தில் போட்டு மிதித்துக்கொண்டிருந்தது. மறுபடி கூடு கட்டுகின்றன. அவளுக்கு முதலில் சந்தோஷம் வந்தது. பத்து எட்டு நடப்பதற்குள் நின்றுவிட்டாள். இதைச் சொன்னால் ஆணையம் வந்து காப்பாற்றும். சொல்லாவிட்டால் நாற்பதாம் நாள் மண்வெட்டியோடு சங்கத்துக்காரர்கள் வருவார்கள். பாதையோரம் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டாள். நேரமாகிவிட்டது என்று தெரிந்தும் எழுந்திருக்க முடியவில்லை.

அவளுக்கு வழி காட்டியது பக்கத்து வீட்டு ருதாரோவின் பெருவாத்துகள். ருதாரோ மனைவியை இழந்தவர். ஆறு பெருவாத்துகளோடு சண்டை போட்டுக்கொண்டு காலம் தள்ளுகிறவர். பெருவாத்தின் முட்டை அளவில் முடிக்கொக்கின் முட்டை மாதிரியே இருக்கும்.

"ருதாரோண்ணே, எனக்கு மூணு முட்டை வேணும்."

"அடை வைக்கவா, அவிக்கவா?"

"அரசாங்கத்துக்கு."

விஷயத்தைச் சொன்னாள். ருதாரோ வாத்துக்கூண்டைத் திறந்தார். "நான் சாகறதுக்குள்ள இந்த வாத்துங்களுக்கு அரசாங்க வேலை கிடைக்கும்னு நினைக்கல," என்று சொல்லிவிட்டு முட்டை எடுக்கக் குனிந்தார்.

பழைய கூட்டிலேயே புதுக் கோரை பரப்பி, கொக்கு முட்டையின் வெளிர்நீலம் வரட்டும் என்று முட்டைகளைச் சாம்பலும் துணிக்குப் போடுகிற நீலமும் கலந்த தண்ணீரில் துடைத்து வைத்தாள். சேதி அனுப்பியதும் க்வெசிகா கம்பங்களோடு வந்தார். கூடு எண் நூற்றுப் பதினைந்து, நடப்பில் உள்ளது என்று எழுதிக்கொண்டார். சங்கத்துக்குத் தடை உத்தரவு போனது.

அதற்கப்புறம் கெபிருங்கியின் பிழைப்பு ஒரு விசித்திரமான பிழைப்பானது. காக்கையும் கீரியும் தினம் வந்து தின்றன. கூடு காலியாக இருப்பதை க்வெசிகா பார்த்துவிட்டால் அது வெற்றி, வெற்றி பெற்றால் சதுப்பு போய்விடும். அதனால் விடிகிற நேரத்தில் முதல் ஆளாகப் போய்ப் புது முட்டை வைக்க வேண்டும். பிறகு பழைய கிழங்கும் எலும்பும் கட்டிக்கொண்டு சூளைக்குப் போய், நாய்கள் வயிறு நிறைந்து படுத்துவிடுகிற வரைக்கும் அவற்றோடு உட்கார்ந்திருக்க வேண்டும். ஏனென்றால் உண்மையான கூடு சூளையிலிருந்து அறுபது எட்டுத்தான். அந்தப் பக்கம் ஒரு கோரைத் தாளைக்கூட அவள் மிதிக்கவில்லை. தலை திருப்பிப் பார்க்கவும் பயந்தாள். சூளைக்காரர்கள் சிரித்தார்கள்.

"மாமியார் வீட்டுக்கு விருந்து கொண்டு வர்ற மாதிரில்ல வர்றா. எங்களுக்கு ஒண்ணும் இல்லையாக்கா?"

"நீங்களும் முந்தின வருஷம் மாதிரி அந்தப் பக்கம் போகாம படுத்துத் தூங்குங்க, உங்களுக்கும் கொண்டு வர்றேன்."

க்வெசிகா வாரம் இரண்டு தடவை வந்து முட்டையை அளந்தார். பெருவாத்து ஒன்று இளசு, ஒன்று கிழடு. முட்டையின் அளவு தடவைக்குத் தடவை மாறியது. அவர் முதலில் 'முட்டைகள் வளர்கின்றன' என்று எழுதினார். அடுத்த வாரம் 'முட்டைகள் ஓய்வெடுக்கின்றன' என்று எழுதினார்.

"தாய்ப்பறவை எங்கம்மா? நான் வர்றப்பல்லாம் இருக்கறதில்ல."

"இப்பத்தான் எழுந்து போச்சு."

'தாய்ப்பறவை பணியிடத்தில் இல்லை' என்று அதையும் எழுதினார். ஒன்பது தடவை அப்படி எழுதினதும் கபாலேயிலிருந்து, ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று விளக்கம் கேட்டு முடிக்கொக்குக்கு ஒரு அறிவிப்பு வந்தது. க்வெசிகா அதைக் கம்பத்தில் ஒட்டினார். ஒட்டிவிட்டு, பசை ஆன கையோடு சற்று நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

ஐந்தாவது வாரம் சூளை நாய்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது கோரைக்குள்ளிருந்து மெல்லிய சீழ்க்கை கேட்டது. இரண்டு குரல். மணலும் பழுப்பும் கலந்த இரண்டு பஞ்சுருண்டைகள் தாயின் காலுக்கடியில் தள்ளாடிக்கொண்டு போயின. கெபிருங்கி முக்காட்டை இழுத்து வாயில் வைத்து அடைத்துக்கொண்டாள். யாரிடமும் சொல்ல முடியாது. எரியாசாவிடம்கூட.

முடிக்கொக்குக் குஞ்சு நடக்க ஒரு நாள் போதும், பறக்க இரண்டு மாசத்துக்கு மேல் வேண்டும். அதுவரைக்கும் கோரை வேண்டும், தண்ணீர் வேண்டும். ஆனால் ருதாரோவின் வாத்துகள் அந்த வாரத்தோடு முட்டை இடுவதை நிறுத்திவிட்டன.

"திட்டிப் பாத்தேன். கேக்க மாட்டேங்குதுங்க," என்றார் ருதாரோ. கையில் கடைசி மூன்று முட்டைகள் இருந்தன. கெபிருங்கி அவற்றை அவித்துவிட்டாள், கெட்டுப்போக நாளாகும் என்று. பகல் முழுவதும் கூட்டின் பக்கத்தில் கம்போடு நின்று காக்கை விரட்டினாள். இருட்டுவதற்கு முன் முட்டைகளைக் கூடையில் எடுத்துவந்து, விடிந்ததும் திரும்ப வைத்தாள். கிழங்குச் செடிக்கு மண் அணைக்கவில்லை. முழங்காலுக்குக் கீழே சேற்றுப்புண் வந்துவிட்டது.

அப்போதுதான் க்வெசிகா சேதி கொண்டுவந்தார். நூற்றுப் பதினைந்து, ஆணையத்தின் சரித்திரத்தில் நீண்ட நாள் நடப்பில் இருந்த கூடு. வருகிற சனிக்கிழமை தலைவர் அதைக் கௌரவிக்க வருகிறார். போன தடவை ஈர வரப்பில் நாற்காலி புதைந்ததால் இந்தத் தடவை பந்தல் காய்ந்த இடத்தில்.

"எங்க?"

"சூளைக்கும் கோரைக்கும் நடுவுல. நல்ல கெட்டித் தரை."

அவள் அன்றைக்கே மூன்றாவது தடவையாகக் கபாலேக்குப் போனாள். தலைவரை நேரில் பார்த்தால் ஒழிய ஆகாது என்று வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். சாயங்காலம் உள்ளே விட்டார்கள். தலைவரின் மேஜை மேல் கண்ணாடிப் பெட்டிக்குள் பித்தளையில் செய்த கூடு ஒன்று இருந்தது.

நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். நூற்றுப் பதினாலைக் கீரி தின்றது, நூற்றுப் பதினைந்தில் இருப்பது வாத்து முட்டை, அதுவும் அவித்தது. உண்மையான குஞ்சுகள் சூளைப் பக்கம் இருக்கின்றன. நீங்கள் வந்தால் அவை செத்துப்போகும். "என்னைய ஜெயில்ல போடுங்கய்யா. அங்க மட்டும் வராதீங்க."

பிட்டாரிஹோ கோபப்படவில்லை. எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"வாத்தா?" என்றார். "பெருவாத்தா?"

"ஆமாங்கய்யா."

"பரவாயில்லயே. மத்த மாவட்டத்துல எல்லாம் கோழி முட்டைதான்மா வைக்கறாங்க." நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "நீங்க ஒருத்தர்தான் அளவு பாத்து வச்சிருக்கீங்க. ஒரு இடத்துல எலுமிச்சம்பழம் வச்சிருந்தாங்க. அதுவும் வெற்றி பெற்றுச்சு."

கெபிருங்கி கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த பித்தளைக் கூட்டைப் பார்த்தாள்.

"இதோ பாருங்கம்மா. முட்டை யாருதுங்கறது பிரச்சினை இல்ல. உங்க கூடு முப்பத்தெட்டு நாளா வெற்றி பெற மாட்டேங்குதுங்கறதுதான் பிரச்சினை. விகிதம் இறங்குது. நீங்க பயப்படாதீங்க. சனிக்கிழமை நானே என் கையால முடிச்சு வைக்கறேன்."

"ஐயா, அந்தக் குஞ்சுங்க..."

"எந்தக் குஞ்சு? எண் இருக்கா அதுக்கு?"

சனிக்கிழமை ஒலிபெருக்கி அலறத் தொடங்கியபோது அவள் தன் வயலில் நின்றாள். சூளைப் பக்கமிருந்து இரண்டு பெரிய பறவைகளும் எழும்பவில்லை. குஞ்சுகளை விட்டுப் பறக்க மனமில்லாமல் தலையைத் தாழ்த்திக்கொண்டு கோரைக்குள் நடந்தே வந்தன. பந்தலுக்குப் பயந்து சதுப்பின் இந்த ஓரத்துக்கு வந்து, தாய் வயலுக்குள் இறங்கியது. கிழங்குச் செடிகள் வரிசையாக அசைந்தன. கெபிருங்கியின் காலடியில் அசைவு நின்றது. குனிந்து பார்த்தாள். இலைக்கடியில் குஞ்சு இரண்டும் மண்ணோடு மண்ணாக ஒட்டிப் படுத்திருந்தன. ஒன்றின் முதுகு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

சூளை நாய்கள் கூட்டத்தைப் பார்த்த வெறியில் வயல் ஓரமாகவே ஓடி வந்தன. அவள் அசையவில்லை. அவளைப் பார்த்ததும் அவை வாலை ஆட்டின, கிழங்கு கிடைக்குமா என்று நின்று பார்த்தன. ஒன்றும் இல்லை என்றதும் போய்விட்டன.

ஒலிபெருக்கியில் அவள் பெயர் கேட்டது. "நம் நாட்டின் மிகப் பொறுமையான கூட்டின் தாய், மேடைக்கு வருக." அவள் நகரவில்லை. இரண்டாம் தடவை கூப்பிட்டார்கள். மேடைக்குப் பக்கத்திலிருந்து எரியாசா கையை ஆட்டினான். மூன்றாம் தடவை கூப்பிட்டுவிட்டுத் தலைவர் பேசத் தொடங்கிவிட்டார்.

"சில கூடுகள் வெற்றி பெறத் தயங்குகின்றன. காரணம் சோம்பல். முட்டை உள்ளே இருக்கும் வரை வெற்றிக்கு இடமில்லை. தடையை அகற்றுவதே நிர்வாகம்." பிறகு பூட்ஸ் மாட்டிக்கொண்டு பந்தலிலிருந்து கூடு வரைக்கும் புதிதாக வெட்டிய நேர்ப்பாதையில் நடந்து போய், மூன்று முட்டைகளையும் கூட்டிலிருந்து எடுத்துத் தூக்கிக் காட்டினார். புகைப்படம் எடுத்தார்கள். கூடு எண் நூற்றுப் பதினைந்து வெற்றி. தொண்ணூற்றேழு. திங்கட்கிழமை முதல் சதுப்பை வடிக்கத் தடையில்லை என்று அங்கேயே கையெழுத்துப் போட்டார்.

திங்கள் காலையில் சங்கத்து ஆட்கள் இருபது பேர் அக்கரையிலிருந்து வாய்க்கால் வெட்டத் தொடங்கினார்கள். மத்தியானத்துக்குள் சூளைப் பக்கத்துக் கோரையில் தண்ணீர் இறங்கிவிட்டது. கொக்குக் குடும்பம் நாலும் அவள் வயல் ஓரத்தில் மிச்சமிருந்த ஈரத்தில் நின்றன. அதற்கு மேல் போகிறதற்கு இடம் இல்லை. மேலே ரோடு.

கெபிருங்கி மண்வெட்டியை எடுத்தாள். அவள் வயலைக் காய வைத்துக்கொண்டிருந்தது கீழ்க்கோடியில் ஓடிய வடிகால். அதன் வாயில் கோரை வேரோடு பெயர்த்த மண்கட்டிகளைப் போட்டு மிதித்தாள். போட்டுப் போட்டு மிதித்தாள். மலையடியிலிருந்து வருகிற ஊற்று வேறு வழியில்லாமல் வரப்புகளுக்கிடையில் ஏறியது. கிழங்கு முற்ற இன்னும் மூன்று வாரம் இருந்தது.

எரியாசா வந்து பார்த்தான்.

"கிழங்கு அழுகிடும்."

"தெரியும்."

"வருஷச் சாப்பாடு."

"தெரியும், பியோனா அப்பா."

அவன் அவள் பார்த்துக்கொண்டிருந்த பக்கம் பார்த்தான். இலைகளுக்கு மேல் இரண்டு பொன்முடியும், கீழே இரண்டு சின்னத் தலையும் தெரிந்தன. கூடையை எடுத்துக்கொண்டு தண்ணீர் ஏறுகிறதற்கு முன்னால் முன்னாலேயே போய், கட்டைவிரல் பருமன் இருந்த கிழங்குகளைத் தோண்டி எடுக்கத் தொடங்கினான்.

பதினைந்து நாள் கழித்து க்வெசிகா வந்தார். ஆணையத்தின் அறிவிப்பு ஒன்று கொண்டுவந்திருந்தார். வயல் முழங்கால் தண்ணீரில் நின்றது. ஓரங்களில் கோரை குருத்து விட்டிருந்தது. அவர் வரப்பு என்று நினைத்துக் கால் வைத்த இடத்தில் பூட்ஸுக்குள் தண்ணீர் புகுந்தது.

"அனுமதியில்லாம சதுப்பு உண்டாக்கியிருக்கீங்கன்னு புகாருங்கம்மா. பதினாலு நாளைக்குள்ள வடிக்கணும். இல்லாட்டி ஆளுங்களை வச்சு நாங்களே வடிப்போம்."

"நாப்பது நாள் குடுங்க, தம்பி."

"படிவத்துல பதினாலுதான் இருக்கு."

கோரைக்குப் பின்னாலிருந்து சீழ்க்கை மாதிரி ஒரு சத்தம் வந்தது. கொஞ்சம் தள்ளி இன்னொன்று பதில் கொடுத்தது. க்வெசிகா தலையைத் தூக்கினார். அந்தப் பக்கம் பார்த்தார். கெபிருங்கியின் முகத்தைப் பார்த்தார்.

"அது என்ன சத்தம்?"

"தவளை."

அவர் கையேட்டைத் திறந்தார். பேனா மூடியைக் கழற்றி, வெகு நேரம் ஒன்றும் எழுதாமல் வைத்திருந்தார். பிறகு 'தவளை' என்று எழுதினார். அறிவிப்பை ஒட்டக் கம்பம் எதுவும் இல்லாததால் அவள் கையில் கொடுத்துவிட்டு, பூட்ஸைக் கழற்றித் தண்ணீரைக் கொட்டிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

குஞ்சுகள் பறக்கப் பதினாலு நாள் போதாது. நாப்பதும் போதுமா என்று சொல்ல முடியாது. கெபிருங்கி காகிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, மோட்டார் சைக்கிள் சத்தம் மேட்டைத் தாண்டுகிற வரைக்கும் நின்றாள். அப்புறம் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு, வடிகாலின் அடைப்பை இன்னும் ஒரு முழம் உயர்த்தப் போனாள்.